அனர்த்த தண்டமும் குற்றக் கதைத் தொடர்களும்

சென்ற சாரற் பருவத்தில் குற்றாலத்தில் நீராட வந்த நம் சமூகக் குடும்பங்கள் சில தென்காசியில் ஓர் இல்லத்தில் கூடியிருந்தன. மாலையுணவைக் கதிரவன் மறையுமுன் முடித்துவிட்டபடியால் பொழுது நீண்டு கிடந்தது. இளையோர் தொலைக்காட்சியில் உண்மைக் குற்றக் கதைத் தொடர் ஒன்றைக் காணத் தொடங்கினர். காப்பீட்டுத் தொகைக்காகக் கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் கொல்லும் கதைகள். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி இடையில் நம்மை நோக்கி, "பாட்டி, இதைப் பார்ப்பதும் பாவமா?" என்று வினவினாள். நாம் வாய் திறக்குமுன் பெரியவர் ஒருவர், "பாவந்தான் அம்மா, அணைத்துவிடு" என்றார். வினாவுக்கு விடை கூறாமல் கருவியை அணைப்பது கற்பித்தலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் பலகாலும் சொல்லி வந்தது. ஆதலின் இப்பாடம்.

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதம் மூன்று. அவற்றுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றித் தேடிக்கொள்ளும் பாவத்தை விலக்குதல் என்பது இதன் பொருள். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாக வகுத்தார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இதனைக் கூறும். பாவத் தொழிலுக்கு வழி சொல்லுதல் பாபோபதேசம். கொலைக் கருவிகளைக் கொடுத்தல் ஹிம்சாதானம். பிறர்க்குத் தீங்கு நேர்க என எண்ணுதல் அபத்தியானம். ஆசையும் பகையும் செருக்கும் மூட்டி உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் துச்சுருதி. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல் முதலியன பிரமாதசரியை. அப்பெண்ணின் வினா நான்காவதைப் பற்றியது. ஆயினும் மற்றவற்றை விட்டு அதனை மட்டும் விளக்க இயலாது.

இத்தகைய குற்றங்கள் அயல்நாட்டுக்கே உரியன என்று கருத வேண்டா. 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்பவள் கணவன் உயிர்மேல் காப்பீடு எடுத்துக் காதலனுடன் சேர்ந்து அவனைக் கொன்றாள். 1928 ஜனவரியில் இருவரும் மின்நாற்காலியில் மாண்டனர். அவ்வழக்கின் சாயலில் எழுந்த கதைதான் 1944இல் 'டபுள் இண்டெம்னிட்டி' என்னும் திரைப்படமாயிற்று. நம் தமிழகத்திலும் 2021 ஏப்ரலில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒருவர் வழியில் வேனுக்குள் எரிந்து இறந்தார். மூன்றரைக் கோடி ரூபாய்க் காப்பீட்டுக்காகச் செய்த கொலை என்று கூறி அவருடைய மனைவியையும் உறவினரையும் காவல்துறை கைது செய்தது. குற்றச்சாட்டைத் தீர்ப்பாகக் கொள்வது வாய்மை விரதத்துக்கு இழுக்கு. ஆகவே தீர்ப்பு வந்த வழக்கொன்றையே, அதுவும் அண்மையிடத்ததையே, பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

தென்காசியிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து புனலூர் சென்றால், அதற்குத் தெற்கே உள்ளது அஞ்சல் என்னும் ஊர். அங்கே 2020 மே 7 காலை உத்ரா என்னும் இளம்பெண் பெற்றோர் இல்லத்தில் நாகம் தீண்டி இறந்து கிடந்தாள். அதே ஆண்டு மார்ச் 2 இரவு கணவன் வீட்டில் விரியன் கடித்து, உயிர் பிழைத்துத் தேறி வந்தவள் அவள். இருமுறையும் பாம்பைக் கொண்டுவந்தவன் கணவன் சூரஜ். மனைவி வழி வந்த பொன்னும் பொருளுமே இலக்கு. ஐயுற்ற பெற்றோர் விடாது முறையிட்டனர். குளத்தூப்புழையை அடுத்த அரிப்பா வனப் பயிற்சி நிலையத்தில் உயிருள்ள நாகத்தையும் பொம்மையையும் கொண்டு சோதித்தனர். தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தால் பற்குறிகளின் இடைவெளி இயல்பைவிட அகலும் என்று தெரிந்தது. உத்ராவின் கையில் இருந்தவை அகன்ற குறிகளே. கொல்லம் நீதிமன்றம் 2021 அக்டோபர் 11இல் அவனைக் குற்றவாளி என்று கண்டு, 13ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது.

இனி இதனை நூற்றெட்டு வகை ஹிம்சையோடு பொருத்துக. கொல்லத் துணிதல் சம்ரம்பம், கருவி திரட்டல் சமாரம்பம், செய்யத் தொடங்கல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய்களால் ஒன்பதாம். தான் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்பவற்றால் இருபத்தேழாம். வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் கஷாயம் நான்கால் 108 ஆம். செபமாலையின் மணிகளுக்குக் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. சட்டம் மார்ச் மாதக் கொலை முயற்சியையும் மே மாதக் கொலையையும் கொண்டு தண்டித்தது. ஜினாகமத்தின்படி துணிந்த நாளிலேயே கொலை தொடங்கிவிட்டது. பணம் பெற்றுப் பாம்பைக் கொடுத்தவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி வழக்கிலிருந்து விடுபட்டார்; ஹிம்சாதானத்திலிருந்து விடுபட்டாரல்லர்.

நாளிதழ்கள் அவ்வளவாகக் கருதாத ஓர் உயிர் இங்கு உண்டு. அந்நாகம் நெகிழிக் குடுவையில் அடைபட்டிருந்தது. உடற்கூற்று ஆய்வில் அதன் வயிறு வெறுமையாய் இருந்தது. இறுதியில் அடித்துக் கொல்லப்பட்டது. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தல், அடித்தல், ஊணும் நீரும் தடுத்தல் ஆகிய மூன்றும் அதன்மேல் நிகழ்ந்தன. கருவியாக எண்ணப்பட்டதும் ஐம்பொறி உயிரே.

காப்பீடு இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, அதில் குற்றமில்லை. முன்பு இங்கிலாந்தில் தொடர்பற்றவர் உயிர்மேல் பந்தயம் போலக் காப்பீடு எடுத்தனர். 1774ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒருவர் உயிரில் மற்றவர்க்கு உரிய நலன் உண்டென்று சட்டம் கேளாமலே ஒப்புகிறது. அந்த நம்பிக்கையின் வாயிலிலேதான் உலோபம் நுழைகிறது. நம் பெண்கள் படித்துப் பாராமல் எந்த முன்மொழிவுப் படிவத்திலும் ஒப்பமிடலாகாது. கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு உரியவராகார் என 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறும்; அச்சட்டம் ஜைனர்க்கும் பொருந்தும்.

வினாவுக்கு வருவோம். கொலைக் கதை எல்லாம் துச்சுருதி என்றால் யசோதர காவியத்தை என் செய்வது? அமிர்தமதி கணவனுக்கும் மாமிக்கும் நஞ்சிட்ட கதையை நம் முன்னோரே போற்றி ஓதினர். ஆனால் அக்காவியம் நஞ்சோடு நில்லாது, இறந்தோரைப் பிறவிதோறும் பின்தொடர்ந்து செல்கிறது. அன்றிரவு கூடத்தில் எழுந்த பேச்சோ வேறு. "இந்த இடத்தில் தவறிவிட்டான், அந்த ரசீதைக் கிழித்திருந்தால் அகப்பட்டிருக்கமாட்டான்" என்றனர். உண்மையைச் சொன்னால் நாமும் அந்த ரசீதையே எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நொடியேனும் கொன்றவன் பக்கம் நின்று எண்ணியது அபத்தியானமே. பார்த்தது பாவமா என்பதை அந்த நொடியைக் கொண்டே அளக்கவேண்டும் என்று அப்பெண்ணுக்குக் கூறினோம். சூரஜும் இணையத்தில் பாம்புக் காட்சிகளைத் தேடித் தேடிப் பார்த்தவன் என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

அவள் தொடரை அணைக்கவில்லை. சற்று நேரம் பார்த்திருந்து, "இறந்தவளுக்குக் குழந்தை உண்டா?" என்று கேட்டாள். கூடத்தில் எவர்க்கும் தெரியவில்லை.

பயிற்சி: பாம்பு விற்றவரின் செயலை நூற்றெட்டனுள் எவ்வெவ்விடங்களில் வைக்கலாம்? கஷாயம் யாது எனக் காரணத்துடன் எழுதுக.