தென்னை ஏறுவோருக்குப் பயிற்சி: மேலே சிக்கியவரை இறக்குவது எப்படி?

புதுவை நகரிலும், அதையொட்டிய வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் பகுதிகளிலும் தென்னை வைத்திருப்போருக்கு இப்போது மரம் ஏற ஆள் கிடைப்பதே பெரும்பாடாக உள்ளது. 45 நாட்களுக்கு ஒரு முறை பறிக்க வேண்டிய காய், தானாக உதிரும்வரை மரத்திலேயே கிடக்கிறது. நகரில் கொல்லைப்புறத்தில் இரண்டு மரம் வைத்திருப்பவருக்கு, உதிரும் காய் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தால் வம்பும் சேர்ந்து வருகிறது.

இக்குறையைப் போக்க, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ம் ஆண்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சியில் கருவி கொண்டு மரம் ஏறுதல், காய் முற்றியதை அறிதல், கொண்டையைச் சுத்தம் செய்தல், பூச்சி நோய் மேலாண்மை ஆகியவை கற்றுத் தரப்பட்டன. பெண்களும் பயிற்சி பெற்றுத் தொழிலில் இறங்கியுள்ளனர்.

கருவியின் தன்மை

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய கருவியே பரவலாகப் பயன்படுகிறது. இது இரண்டு இரும்புச் சட்டங்கள் கொண்டது. ஒவ்வொன்றிலும் உள்ள கம்பிக் கயிறு மரத்தைச் சுற்றி வரும். நின்றவாறே ஒரு காலைத் தூக்கினால் அந்தப் பக்கக் கயிறு தளரும்; மிதித்தால் உடல் எடையால் இறுகும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறும் கருவியை வடிவமைத்துள்ளது. படி வெட்டி ஏறும் பழக்கத்தை விட இவை மரத்துக்கும் நல்லது. வெட்டுக்காயத்தின் வழியாகத்தான் சிவப்புக் கூன்வண்டு எளிதில் நுழைகிறது.

ஆனால் கருவி மட்டும் உயிரைக் காக்காது. கால் மிதியில் மாட்டிக்கொண்டு, கை நழுவித் தலைகீழாகத் தொங்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிய செய்திகள் கேரளத்திலிருந்து பலமுறை வந்துள்ளன. ஆகவே, மரத்தைச் சுற்றி இரு பக்கமும் கொக்கி மாட்டும் கயிறுடன் கூடிய பாதுகாப்புக் கச்சை அவசியம். இடுப்பில் மட்டும் கட்டுவதை விட, தோளையும் தொடையையும் தாங்கும் கச்சையே சிறந்தது. கொண்டைக்குப் போனதும் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காய்ந்த மட்டையைப் பிடிப்பது பலரிடம் உள்ள கெட்ட பழக்கம். காய்ந்த மட்டை எந்த நேரமும் கையோடு வந்துவிடும்.

மழை நனைத்த மரத்தில் ஏறக்கூடாது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயலும், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயலும் இக்கரையைத் தாக்கின. இத்தகைய புயலுக்குப் பின் நிற்கும் மரங்களில் வேர் ஆடியிருக்கலாம். அடியில் மண் வெடித்திருந்தால் ஏறாமல் விடுவதே நலம். மட்டை மின்கம்பியைத் தொடும் மரமானால், மின் அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆளை ஏற்ற வேண்டும். அலுமினியத் துரட்டியும் அங்கே ஆபத்து.

சிக்கிக்கொண்டால்

ஒருவர் ஏறும்போது கீழே இன்னொருவர் இருப்பது கட்டாயம். தோட்டக்காரர் கூலியை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. மேலே இருப்பவர் சிக்கினால் முதலில் 101-க்கும் 108-க்கும் சொல்ல வேண்டும். நினைவோடு இருப்பவருடன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கச்சையில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். கயிற்றில் ஒரு வளையம் போட்டு, அதில் கால் ஊன்றி எழும்பச் செய்தால் தொடையின் இறுக்கம் குறையும்.

பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தால், இரண்டாவது கருவியில், தம் கச்சையை மாட்டிக்கொண்டு ஏறலாம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சிக்கியவரின் அக்குளுக்குக் கீழே கயிறு கொடுத்து மரத்தோடு சேர்த்துக் கட்டுவதுதான். தலைகீழாக இருந்தால் தலையை மேலே கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுக் கருவியைக் கழற்றினால் இருவரும் விழ நேரிடும். இறக்கும் வேலையைத் தீயணைப்பு வீரர்களிடம் விடுவதே நல்லது.

விழுந்தவரைக் கை ஒருவர், கால் ஒருவர் என்று தூக்கக் கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அதனாலேயே கால் செயலற்றுப் போகலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்து, தண்ணீர் கொடுக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டுபோவது, உதவி என்ற பெயரில் செய்யும் கெடுதல்.

மரமேறுவோருக்காக வாரியம் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே ஏற்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. ஆள் அமர்த்தும் விவசாயி, அவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி குறித்த விவரங்களைக் குரும்பாபேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து அறியலாம்.