கட்டத்தை அணைத்துவிட்டு எக்ஸ்ரேயைப் பாருங்கள்

பிடிஎஸ் முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் கிளினிக்கில் பைட்விங் எக்ஸ்ரே எடுத்த மறுநொடியே திரையில் பற்களின் மேல் வண்ணக் கட்டங்கள் விழலாம். இங்கே சொத்தை, அங்கே எலும்புக் கரைவு என்று மென்பொருள் குறித்துக்கொடுக்கும். எலும்பு மட்டத்தை அளக்கும் ஓவர்ஜெட்டுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2021-இல் அனுமதி தந்தது. சொத்தையைக் காட்டும் பேர்ல் மென்பொருளுக்கு 2022-இல்.

முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டங்களை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கண்ணில் பட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஆன் செய்யுங்கள். கட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் அதற்கு வெளியே தேடக் கண்ணுக்குத் தோன்றாது.

இரண்டு கணிப்பும் ஒத்துப்போகாத பல்லில்தான் உங்கள் படிப்புக்கு வேலை. எனாமல் முடியும் இடத்துக்கும் எலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவே, பல்லின் கழுத்தில், கதிர் அதிகம் ஊடுருவிக் கருநிழல் விழும். செர்விகல் பர்ன்அவுட் என்று படித்திருப்பீர்கள். சொத்தை மாதிரியே இருக்கும், மென்பொருளும் ஏமாறலாம். காற்றடித்துப் பல்லை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? கோணத்தைச் சற்று மாற்றி இன்னொரு படம் எடுங்கள். வெறும் நிழலென்றால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நிஜமான சொத்தையாகவே இருக்கட்டும். எனாமலைத் தாண்டாமல், குழி விழாமல் இருந்தால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இனிப்பைக் குறைக்கச் சொல்லி, சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம். வண்ணக் கட்டத்தைக் காட்டினால் நோயாளி உடனே ஃபில்லிங்குக்குத் தலையாட்டுவார். மாத டார்கெட் வைக்கும் கிளினிக்கில் இந்தச் சபலம் பெரிது. ஆகவே இன்டர்வியூவிலேயே கேளுங்கள்: மென்பொருள் சொன்னதை நான் மறுத்து எழுதலாமா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

ஈறு நோயில் எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிடும். பாக்கெட் ஆழத்துக்கும் ரத்தக் கசிவுக்கும் ப்ரோப்தான்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது வாய்ப்புற்றுப் பரிசோதனை. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் லான்செட்டில் முடிவு வெளியானது. அத்தனையும் வெறுங்கண்ணால் நடந்தது. இன்று அந்தக் கண்ணுக்குத் துணையாகச் செல்போன் படத்தை ஆராயும் மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது.

முகாமுக்குப் போகும்போது காஸ் துணியால் எச்சிலை ஒற்றிவிட்டு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி என ஒவ்வொன்றையும் படமெடுங்கள். ஒப்புதல் வாங்காமல் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, காரணம் தெரியாத சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதைப் பார்த்தாலும், மென்பொருள் பயமில்லை என்று காட்டினாலும் பயாப்சிக்கு அனுப்பிவிடுங்கள்.