தக்காளியை விலக்கச் சொன்னால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: தக்காளி இல்லாமல் குழம்புக்கு ருசி வராது.

இதைக் காஞ்சிபுரத்திலேயே சொல்லக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லியில் தக்காளியும் கிடையாது, மிளகாயும் கிடையாது. மிளகும் சுக்கும் காரம் தர, சீரகமும் பெருங்காயமும் நெய்யும் மணக்க, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகிறது அது. தக்காளி, மிளகாய் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்; போர்த்துகீசியர் கப்பலேறி வந்த பிறகுதான் நம் அடுப்படிக்கு வந்தன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலை எழுப்பியபோது, இந்த ஊர் புளிப்புக்குப் புளியையும் மோரையும் மாங்காயையும் நெல்லிக்காயையும் நம்பியிருந்தது. பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் தக்காளி சேர்ப்பதில்லை. அந்தச் சமையலை ருசியில்லை என்று யாரும் ஒதுக்குவதில்லையே.

நம்பிக்கை: தக்காளி விதை சிறுநீரகத்தில் கல்லாகிவிடும்.

ஆகாது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. பாலக்கீரையில்தான் மிக அதிகம். தறிக்குழியில் கால்விட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் தக்காளிக்குப் பயப்படுவதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: தக்காளிக்குப் பதிலாகப் புளி கரைத்து ஊற்றினால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். மருத்துவர் தக்காளி வேண்டாம் என்றால், எதற்காக என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக என்றால் புளி உதவாது. அது தக்காளியைவிடப் புளிப்பு. அவர்களுக்குப் பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, சீரகமும் கொத்தமல்லி விதையும் வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் கெட்டியான, இதமான சாறு கிடைக்கும்.

சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கணக்கே வேறு. 100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வற்றக் காய்ச்சிய விழுதில் 1000 வரை போகும். புளியிலோ 600க்கு மேல். சுண்டைக்காய் அளவு புளி என்றால் பரவாயில்லை, எலுமிச்சை அளவுக்குப் போகக்கூடாது. இவர்களுக்குச் சுரைக்காய் ஏற்றது. நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்தால் பொட்டாசியம் இன்னும் குறையும். புளிப்புக்குச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும்.

நம்பிக்கை: பீட்ரூட், கேரட் அரைத்த சிவப்புச் சாஸ் யாருக்கும் தீங்கு செய்யாது.

தக்காளி ஒவ்வாமை உள்ளவருக்கு அது நல்ல மாற்று. நிறமும் இனிப்பும் கிட்டத்தட்ட அப்படியே வரும், புளிப்புக்கு எலுமிச்சை பிழிந்தால் போதும். ஆனால் பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம். கல் வந்தவர் தவிர்க்க வேண்டும். இரண்டு கிழங்கிலும் தக்காளியைவிடப் பொட்டாசியம் கூடுதல்.

நம்பிக்கை: உப்பைக் குறைக்க, சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிடலாம்.

அந்த உப்பில் சோடியத்தின் இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளியின் குழம்பில் அதைப் போட்டால், தக்காளியை நீக்கிய பலன் அத்தனையும் போய்விடும். இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.