காது அடைத்தால் யாரிடம் போவது?

அன்புள்ள தம்பிக்கு,

புதுக்கோட்டைக்குக் குடிவந்திருக்கும் இந்த நேரத்தில், அங்கே நல்ல இ.என்.டி. டாக்டர் யார் என்று கேட்டு எழுதியிருந்தாய். வயதான அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு இது தேவையான கேள்விதான். ஒரு பெயரை எழுதி அனுப்புவது எளிது. ஆனால் டாக்டர்கள் ஊர் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். அந்தப் பெயர் உனக்கு எத்தனை நாள் உதவும்? அதனால் ஒரு டாக்டரை எப்படி எடைபோடுவது என்பதைச் சொல்கிறேன். மருந்து எழுதுவதற்கு முன் உள்ளே பார்க்கிறாரா, தேவைப்பட்டால் மறுநாளே அவரிடம் திரும்பப் போக முடியுமா என்ற இரண்டையும் பார். சிறிய ஊரில் பெரிய பெயரைவிட இவைதான் உன்னைக் காப்பாற்றும்.

முதலாவதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. தோலில் வந்த புண்ணை யாரும் பார்க்கலாம். காது, மூக்கு, தொண்டை மூன்றும் இருட்டுக் குழிகள். வெளியே தெரியும் தொந்தரவு ஒன்றாக இருக்க, உள்ளே இருக்கும் நோய் வேறு வேறாக இருக்கும். காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தாற்போல இருக்கிறது என்று வைத்துக்கொள். குறும்பி சேர்ந்து அடைத்திருக்கலாம். சளியால் செவிப்பறைக்குப் பின்னே நீர் கட்டியிருக்கலாம். உள்காதோ அதன் நரம்போ திடீரென்று செயலிழந்திருக்கவும் கூடும். மூன்றுக்கும் வாயில் வருவது 'காது அடைக்குது' என்ற ஒரே பேச்சுதான். குறும்பி என்றால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடியும். நரம்புக் கோளாறு அப்படிக் காத்திருக்காது. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே, அதிகம் போனால் 2 வாரத்துக்குள், தொடங்கினால்தான் கேட்கும் திறன் மீள நல்ல வாய்ப்பு. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு, சரியாகிவிடும் என்று இருப்பவர்களுக்கு அந்த 2 வாரம் கண்ணெதிரே கழிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை அறிய லட்ச ரூபாய் எந்திரம் வேண்டியதில்லை. டாக்டர் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்ப்பார். பிறகு, பள்ளி ஆய்வகத்தில் நீ பார்த்திருக்கும் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைப்பார். 512 ஹெர்ட்ஸ் கவையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அடைப்பு என்றால் அடைத்த காதில்தான் ஒலி கூடக் கேட்கும். நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும். பிறகு ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனை எடுத்து உறுதிசெய்யலாம். விளக்கும் கவையும் கொண்ட அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்கிறவர் சிறிய கிளினிக்கில் இருந்தாலும் நம்பத் தகுந்தவர். காதைத் தொடாமலே சீட்டு எழுதுகிறவர் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் அவரிடம் போகாதே.

குரலுக்கும் இதே கணக்குதான். 3 வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், எண்டோஸ்கோபியாலோ கண்ணாடியாலோ குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் மறுபடி மறுபடி இருமல் மருந்து எழுதுவது புற்றுநோய்க்கு நாள் கொடுப்பதாகும்.

படிப்பைச் சரிபார்ப்பது சுலபம். எம்.எஸ்., டி.என்.பி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் 3 ஆண்டுப் படிப்பு. மூத்த டாக்டர்கள் பலர் 2 ஆண்டு டி.எல்.ஓ. படித்தவர்கள், அதுவும் முறையான தகுதியே. பதிவெண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்.

பக்கத்தில் திருச்சி இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று நீ கேட்கலாம். சுமார் 50 கிலோமீட்டர்தானே, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே? அறுவை சிகிச்சை என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் இந்தத் துறையின் தொந்தரவுகளில் பல ஒரே தடவையில் தீருவதில்லை. காதில் பூஞ்சை பிடித்தால் சில நாளுக்கு ஒருமுறை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சீழ் வடியும் காதை உலர்த்தி, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும். அம்மாவை ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போக முடியாமல், இரண்டாம் தடவையோடு நின்றுவிடும் வைத்தியம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்? நாற்றத்தோடு விடாமல் சீழ் வடிந்தால் எலும்பை அரிக்கும் கட்டி இருக்கக்கூடும். அது மூளை வரை பரவும் ஆபத்து உண்டு. அப்போது 'இதை இங்கே செய்ய வேண்டாம், திருச்சிக்கோ மதுரைக்கோ போங்கள்' என்று தானாகவே எழுதிக் கொடுக்கிற உள்ளூர் டாக்டர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஊரில் இருப்பதே சிலர், இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்பதும் நியாயமான கேள்வி. தனியார் கிளினிக் மட்டும்தான் கணக்கில் இருந்தால் அது சரி. புதுக்கோட்டையை ஒட்டிய முள்ளூரில் 2017-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை மறந்துவிடாதே. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார வேண்டும், அடுத்த தடவை வேறு டாக்டர் பார்க்கலாம். இவை உண்மையான குறைகள், மறுக்க மாட்டேன். பழைய சீட்டையும் ஆடியோகிராமையும் ஒரு ஃபைலில் வைத்துக் கொண்டுபோனால் கடைசிக் குறை பாதி தீரும். மருந்து விற்பதிலோ கருவி விற்பதிலோ லாபம் இல்லாத இடம் என்பது பெரிய நிறை.

கருவி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இலவசக் கேட்புச் சோதனை என்று பலகை வைத்திருக்கும் கடைக்கு அம்மாவை நேரே கூட்டிப்போகாதே. முதலில் டாக்டர் காதைப் பார்க்கட்டும். வெறும் குறும்பிக்காகக் காதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. பிறகு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற ஆடியோலஜிஸ்டிடம் சோதித்துக்கொள்ளுங்கள். குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்ற சந்தேகம் வந்தால் 'நம் வீட்டில் எல்லோரும் லேட்டாகத்தான் பேசினார்கள்' என்ற சமாதானத்தை ஏற்காதே. உடனே சோதித்துப் பார். கேட்புக் குறை கடுமையாக இருந்து, வயதும் 6-க்குள் என்றால், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

கடைசியாக, சில நிலைமைகளில் விசாரித்துக்கொண்டிருக்க நேரமே இருக்காது. பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியைக் குழந்தை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால், சில மணி நேரத்திலேயே அது சதையை அரித்துவிடும். அதில் எந்தச் சொட்டு மருந்தையும் விடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிடு. ஆகவே இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கு. ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் இ.என்.டி. டாக்டரைக் கூப்பிட முடியும், ஆடியோகிராம் எங்கே எடுக்கிறார்கள், அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று நேரில் விசாரித்து, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டி வை.

அன்புடன்,
உன் அண்ணன்