கழித்தல் குறியா, கட்டளையா? சி நிரலில் தெரிவுகளைப் பிரித்தறிதல்

மாணவர்களே, செல்சியஸ் அளவைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றும் ஒரு சிறு நிரலை சி மொழியில் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயர் ‘வெப்பம்’. முனையத்தில் நிரலின் பெயரையும் 36.5 என்ற எண்ணையும் தட்டினால் 97.7 என்று விடை வருகிறது. 0 கொடுத்தால் 32. எல்லாம் சரி. அடுத்து, வீட்டு உறைபெட்டியின் வெப்பநிலையான -18-ஐக் கொடுக்கிறீர்கள். விடையாக -0.4 வர வேண்டும். ஆனால், ‘1 என்ற தெரிவு செல்லாது, 8 என்ற தெரிவு செல்லாது’ என்று இரண்டு பிழைச் செய்திகள் வருகின்றன.

உங்கள் சூத்திரத்தில் தவறில்லை. எண்ணின் முன்னால் நின்ற சிறு கோட்டை நிரல் கழித்தல் குறியாகப் பார்க்கவில்லை. ஏன் அப்படி நடந்தது என்பதே இன்றைய பாடம்.

சொற்களாக வரும் கட்டளை

நாம் ஒரு கட்டளையைத் தட்டியதும் ஷெல் என்னும் இடைநிலை நிரல் அந்த வரியை இடைவெளி பார்த்துச் சொற்களாகப் பிரிக்கிறது. பிரித்த சொற்களை நம் நிரலின் மெயின் செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. அங்கே இரண்டு மாறிகள் காத்திருக்கும். ஒன்று ஆர்க்சி, இது சொற்களின் எண்ணிக்கை. மற்றொன்று ஆர்க்வி, இது சொற்களின் வரிசை.

நம் நிரலுக்கு இரண்டு தெரிவுகள் வைப்போம். ‘-எஃப்’ என்றால் பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாற்ற வேண்டும். ‘-டி’ என்றால், அதையடுத்து வரும் எண் அளவுக்குத் தசம இடங்கள் காட்ட வேண்டும். (விசைப்பலகையில் இவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்தைத் தட்டுங்கள்.) இப்போது இப்படிக் கொடுக்கிறோம்:

வெப்பம் -டி 2 36.5

ஆர்க்சியின் மதிப்பு 4. ஆர்க்வியின் 0-ஆம் இடத்தில் நிரலின் பெயர், 1-இல் ‘-டி’, 2-இல் ‘2’, 3-இல் ‘36.5’ இருக்கும். 4-ஆம் இடத்தில் வெற்றுச் சுட்டி. ‘இதோடு முடிந்தது’ என்பதற்கு அது அடையாளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வந்த நான்கும் எழுத்துச் சரங்களே. ‘36.5’ இன்னும் எண் ஆகவில்லை. ‘-டி’ இன்னும் தெரிவு ஆகவில்லை. கோட்டுக்குத் தனிப் பொருள் எதையும் சி மொழி தருவதில்லை. ‘கோட்டில் தொடங்கினால் அது தெரிவு’ என்பது யூனிக்ஸ் உலகில் வளர்ந்த வழக்கம். அந்த வழக்கத்தை நடைமுறைப்படுத்த வேண்டியது நம் நிரல்.

கெட்ஆப்ட் செய்யும் வேலை

இந்த வேலைக்காகவே லினக்ஸ், மேக் கணினிகளில் கெட்ஆப்ட் என்ற செயற்கூறு தயாராக இருக்கிறது. இது சி மொழியின் தரநூலகத்தில் இல்லை. போசிக்ஸ் என்னும் இயங்குதளத் தரத்தில் உள்ளது.

கெட்ஆப்ட்டிடம் ஆர்க்சி, ஆர்க்வி இரண்டையும் கொடுத்து, நம் தெரிவுகளின் பட்டியலையும் ஒரு சரமாகக் கொடுக்க வேண்டும். நம் பட்டியல் ‘டி:எஃப்’. டி எழுத்தை அடுத்துள்ள முக்காற்புள்ளிக்கு, ‘இந்தத் தெரிவுக்குப் பின்னால் ஒரு மதிப்பு கட்டாயம் வேண்டும்’ என்று பொருள். எஃப் எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி இல்லை. எனவே அதற்கு மதிப்பு தேவையில்லை.

பிறகு ஒரு மடக்குக்குள் கெட்ஆப்ட்டை மீண்டும் மீண்டும் அழைக்கிறோம். ஒவ்வொரு முறையும் அது திருப்பித் தருவது இவற்றுள் ஒன்று:

1. பட்டியலில் உள்ள எழுத்து கிடைத்தால், அந்த எழுத்து. மதிப்பு உள்ள தெரிவானால், மதிப்பு ஆப்ட்ஆர்க் என்ற மாறியில் இருக்கும்.
2. பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால், கேள்விக்குறி. மதிப்பு விடுபட்டாலும் நம் பட்டியலுக்குக் கேள்விக்குறிதான்.
3. தெரிவுகள் முடிந்துவிட்டால், -1. உடனே மடக்கிலிருந்து வெளியேறலாம்.

வெளியே வந்ததும் ஆப்ட்இண்ட் என்ற மாறியைப் பாருங்கள். அடுத்துப் படிக்க வேண்டிய சொல்லின் இடம் அதில் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 3, அங்கேதான் 36.5 இருக்கிறது. ஆப்ட்இண்ட்டின் மதிப்பு ஆர்க்சிக்குச் சமமானால் வெப்பநிலை தரப்படவில்லை என்று பொருள். அப்போது பயன்பாட்டு முறையை அச்சிட்டு நிரலை நிறுத்துங்கள்.

இனி -18-இன் கதை புரிந்திருக்கும். கோட்டில் தொடங்கும் சொல் என்பதால் கெட்ஆப்ட் அதனை ‘1’, ‘8’ என்ற இரு தெரிவுகளாகப் படித்தது. இரண்டும் பட்டியலில் இல்லை.

இரட்டைக் கோடு

இதற்குத் தீர்வும் அதே வழக்கத்தில் உண்டு. தனியாக நிற்கும் இரண்டு கோடுகள், ‘தெரிவுகள் இத்துடன் முடிந்தன, இனி வருபவை அனைத்தும் மதிப்புகளே’ என்று அறிவிக்கின்றன.

வெப்பம் -- -18

இப்போது -0.4 கிடைக்கும். இதற்காக நீங்கள் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுத வேண்டாம்; கெட்ஆப்ட்டே பார்த்துக்கொள்ளும். தெரிவுகளை எப்போதும் முதலில் எழுதும் பழக்கமும் நல்லது. ‘வெப்பம் 36.5 -எஃப்’ என்று கொடுத்தால், லினக்ஸில் உள்ள கெட்ஆப்ட் கடைசியில் வரும் தெரிவையும் தேடி எடுக்கும். மேக் கணினியில் அது 36.5-ஐக் கண்டவுடன் நின்றுவிடும்.

எண்தானா என்று பாருங்கள்

சரத்தை எண்ணாக்க ஏடிஓஎஃப் என்ற செயற்கூற்றைப் பலர் பயன்படுத்துகின்றனர். அது எளிது, ஆனால் தவறைச் சொல்லாது. 30 என்று தட்டுவதற்குப் பதிலாக, 3-ஐ அடுத்துச் சுழியத்தைப் போலத் தோன்றும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். ஏடிஓஎஃப் 3-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். 86 வர வேண்டிய இடத்தில் 37.4 என்ற விடை வரும். பார்ப்பதற்கு நம்பத்தக்க எண், ஆனால் தவறு. பிழைச் செய்தியைவிட இப்படி அமைதியாக வரும் தவறான விடைதான் ஆபத்து.

எனவே எஸ்டிஆர்டிஓடி என்ற செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். அது எண்ணோடு சேர்த்து, படிப்பதை எந்த இடத்தில் நிறுத்தியது என்பதையும் ஒரு சுட்டி மூலம் காட்டும். நின்ற இடம் சரத்தின் தொடக்கமானால் எண்ணே இல்லை. நின்ற இடம் சரத்தின் முடிவாக இல்லாவிட்டால், எண்ணுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு நிலையிலும் பயனரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

ஒரு கோடு திறந்த கதவு

‘இது சின்ன விஷயம்தானே’ என்று நினைக்க வேண்டாம். 2007 பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளத்தில் ஒரு குறை வெளிவந்தது. தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் டெல்நெட் சேவை, வருபவர் தரும் பயனர் பெயரை லாகின் என்ற நிரலிடம் கட்டளைச் சொல்லாக அனுப்பியது. அந்த லாகின் நிரலுக்கு ‘-எஃப்’ என்றொரு தெரிவு உண்டு. ‘இவரை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது, கடவுச்சொல் கேட்காதே’ என்பது அதன் பொருள்.

ஒருவர் தம் பயனர் பெயரையே ‘-எஃப்’ என்று தொடங்கி, அதனுடன் வேறொருவரின் பெயரை ஒட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? லாகின் அதைப் பெயராகப் பார்க்கவில்லை, தெரிவாகப் பார்த்தது. கடவுச்சொல் இல்லாமலே கதவு திறந்தது. வியப்பு என்னவென்றால், இதே வகைக் குறை 1994-லேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் கண்டறியப்பட்டிருந்தது. 13 ஆண்டுகள் கழித்து அது இன்னோர் இடத்தில் முளைத்தது.

உங்கள் -18 பட்ட பாடும் இந்தக் குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மதிப்பாக வந்த சொல் கட்டளையாகப் படிக்கப்பட்டது. உங்கள் நிரலில் விளைந்தது ஒரு பிழைச் செய்தி. அங்கே விளைந்தது பூட்டில்லாத வாசல். ஆகவே, வெளியாள் தந்த பெயரையோ கோப்பின் பெயரையோ உங்கள் நிரல் இன்னொரு நிரலுக்கு அனுப்பும்போது, அந்த நிரல் இரட்டைக் கோட்டை ஏற்குமானால் முன்னால் அதைச் சேர்த்து அனுப்புங்கள். ஏற்காது என்றால், கோட்டில் தொடங்கும் பெயரை மறுத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

‘வெப்பம்’ நிரலை எழுதி இந்த மூன்றையும் சோதியுங்கள்.

1. ‘வெப்பம் -எஃப்டி2 98.6’: இரண்டு தெரிவுகளை ஒரே கோட்டின் கீழ் சேர்த்திருக்கிறோம். 37.00 வருகிறதா?
2. ‘வெப்பம் -டி 36.5’: எந்தச் சொல்லை எது எடுத்துக்கொண்டது? வெப்பநிலை எங்கே போயிற்று?
3. ‘வெப்பம் -டி -18’: பிழைச் செய்தியைக் கெட்ஆப்ட் தருகிறதா, அல்லது நீங்கள்தான் தர வேண்டுமா?

மூன்றாவதற்கு ஒரு குறிப்பு: மதிப்பு கேட்கும் தெரிவு, அடுத்து வரும் சொல் கோட்டில் தொடங்கினாலும் அதனை எடுத்துக்கொள்ளும். தசம இடம் -18 ஆக இருக்க முடியுமா என்று பார்ப்பது கெட்ஆப்ட்டின் வேலையன்று. அது உங்கள் பொறுப்பு.