மின்னேற மறுத்த மின்கலவடுக்கு



எமது பாடசாலை அலுமாரியின் அடித்தட்டில், 1997 ஆம் ஆண்டு ஆண்டுவிழாவைப் பதிவுசெய்த ஹாய்8 நாடா ஒன்றும், அதனைப் பதிவுசெய்த வீடியோக் கமெராவும் கடந்த தைப்பொங்கலுக்கு முன்னர் கண்டெடுக்கப்பட்டதைப் பலர் அறிவீர்கள். அவ்விழாவில் மேடையேறிய சிறுவர் சிலரே இன்று தம் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வருகின்றனர். அன்று வாழ்த்துரை வழங்கிய முதியோருட் பலர் இன்று இல்லை. நாடாவை ஓட்டிப் பார்க்க எம்மிடம் வேறு கருவி எதுவும் இருக்கவில்லை. கமெராவின் பற்றறியை மின்னேற்றியில் வைத்தபோது விளக்கு விரைவாகக் கண்சிமிட்டியதேயன்றி மின்னேறவில்லை. “பற்றறி செத்துப் போச்சு, எல்லாத்தையும் எறிஞ்சு விடுங்கோ” என்றே பலரும் கூறினர். நாம் அதனை ஒன்பதாம் வகுப்பு மாணவரோடு ஒரு சனிக்கிழமைப் பாடமாக எடுத்துக்கொண்டோம். அப்பாடத்தையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மின்னைத் தரும் தனி அலகு மின்கலம் எனப்படும். கலங்கள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் அது மின்கலவடுக்கு. பேச்சில் இரண்டையும் பற்றறி என்றே சொல்லிவிடுகின்றோம். ஆனால் இப்பாடத்துக்கு அவ்வேறுபாடு இன்றியமையாதது. இலிதியம் அயன் கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ற்று. கமெராவின் அடுக்கில் இரு கலங்கள் தொடராக இருப்பதனாலேயே அதன் மேல் 7.2 வோல்ற்று என அச்சிடப்பட்டுள்ளது. அதற்கு முந்திய கமெராக்களில் இருந்தவை நிக்கல் கட்மியம் கலங்கள். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, ஐந்தைத் தொடுத்தால் 6 வோல்ற்று. இலிதியம் அயன் கலத்தை 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கலத்தின் உருவாக்கத்துக்காகவே 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு குடினஃவ், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

இனிச் சோதனைக்கு வருவோம். பழுது தேடுபவர் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது காரணம் என்பது ஒருபோதும் புலப்படாது. நாம் சுவரிலிருந்து தொடங்கினோம். அதே செருகுதுளையில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தினோம், எரிந்தது. அடுத்து, மின்னேற்றியின் அடிப்பக்கத்தை மாணவர் வாசித்தனர். உள்ளீடு 100 முதல் 240 வோல்ற்று வரை என இருந்தது. அவ்வாறு அச்சிடப்பட்டிருந்தால் எந்த நாட்டுக்குக் கொண்டு சென்றாலும் செருகியின் வடிவத்தை மாற்றினாற் போதும். 120 என்று மட்டும் இருக்குமாயின் 230 வோல்ற்று உள்ள நாட்டில் அதனை நேரே செருகலாகாது. நாடு விட்டு நாடு பெயர்ந்த எம்மவர் வீடுகளில் இத்தவறு நிகழ இடமுண்டு.

மின்னேற்றியின் பக்கத்தில் ஒரு சிறு ஆளி இருந்தது. கமெராவுக்கு மின் வழங்குவதா, பற்றறிக்கு மின்னேற்றுவதா என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. பல மின்னேற்றிகள் இவ்விரண்டையும் ஒரே நேரத்திற் செய்யமாட்டா. இவ்வாளி தவறான பக்கத்தில் இருந்தமையால் “பழுதாகிய” பற்றறிகள் எத்தனையோ! எமது ஆளி சரியாகவே இருந்தது. பின்னர் பன்மானியால் (கடையில் மல்ரிமீற்றர் என்று கேளுங்கள்) வெளியீட்டை அளந்தோம். அச்சிடப்பட்டவாறே 8.4 வோல்ற்று கிடைத்தது. இரு கலங்களும் நிறையும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ற்றை அடையும் என்பதால் இவ்வெண் பொருந்துகின்றது. உலோக முனைகளை மருந்துக்கடை மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து உலரவிட்டோம். விளக்கு அப்போதும் கண்சிமிட்டியது.

குளிரையும் கருத்திற் கொள்ள வேண்டும். பூச்சியம் பாகை செல்சியசுக்குக் கீழே இலிதியம் அயன் கலத்துக்கு மின்னேற்றினால் இலிதியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். பனிக்காலத்தில் காரிற் கிடந்த பற்றறியை வீட்டினுள் ஒரு மணி நேரமாவது வைத்த பின்னரே மின்னேற்றுக. எமது அலுமாரி சூடான அறையில் இருந்தமையால் அதுவும் காரணமன்று.

இறுதியில் ஒரு பெற்றோர் அதே வகைப் பற்றறி ஒன்றைத் தந்துதவினார். அது சீராக மின்னேறியது. குற்றம் மின்னேற்றியில் இல்லை. எமது மின்கலவடுக்கிலேயே என்பது உறுதியாயிற்று. பயன்படுத்தாது வைத்தாலும் கலம் மெல்ல மெல்லத் தன் மின்னை இழக்கும். பல ஆண்டுகள் அவ்வாறு கிடந்து அழுத்தம் மிகத் தாழ்ந்துவிட்டால், மீண்டும் மின்னேற்றுவது ஆபத்து எனக் கண்டு அடுக்கினுள் இருக்கும் காப்புச் சுற்றோ மின்னேற்றியோ மறுத்துவிடுகின்றது. இரு கலங்களில் ஒன்று நலிந்தாலும் தொடர் முழுவதும் பயனற்றுப் போகும். இணையத்திற் பார்த்துக் கம்பி தொடுத்து வலிந்து மின்னேற்ற முனைவோர் உளர். தயவுசெய்து அதனைச் செய்யாதீர்கள்; கலம் தீப்பற்றக் கூடும். வீங்கிய பற்றறியை அழுத்தவோ துளைக்கவோ வேண்டாம். குப்பையில் இடாது, பற்றறி சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

“முழுவதும் இறங்கிய பின்தான் ஏற்ற வேண்டும்” என்று சில தந்தையர் இன்றும் சொல்வதைக் கேட்கின்றோம். அது நிக்கல் கட்மியம் காலத்து அறிவுரை. இலிதியம் அயனை அவ்வாறு வெறுமையாக்கி வைப்பதே அதற்குக் கேடு. பாதியளவு மின்னோடு, கமெராவிலிருந்து கழற்றிக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தலே நன்று.

அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, “சேர், பற்றறி இல்லாட்டில் கமெரா ஓடாதோ?” என்று கேட்டாள். அக்கேள்வியை நாமே முதலிற் கேட்டிருக்க வேண்டும்! மின்னேற்றியின் பெட்டியில், பற்றறி பொருந்தும் இடத்திலேயே மாட்டும் தகடு கொண்ட ஒரு கம்பி சுருண்டு கிடந்தது. அதை மாட்டி, ஆளியைக் கமெராவின் பக்கம் தள்ளியதும் கமெரா உயிர்பெற்றது. எறிந்துவிடுவதற்கு இருந்த கமெராவுக்குப் பற்றறியே தேவைப்படவில்லை.

உடனே விழா நாடாவை இடவில்லை. பழைய கருவி நாடாவைச் சிக்கவைத்து அறுத்துவிடக் கூடும். ஆகையால் பயனற்ற ஒரு நாடாவை முதலில் இட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். பின்னரே 1997 ஆம் ஆண்டு நாடாவை இட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியிற் பிரதி எடுத்தோம். ஒலி சில இடங்களிற் கரகரத்தது. ஆயினும் குத்துவிளக்கேற்றிய பெரியவரின் பேரன், எமது ஐந்தாம் வகுப்பு மாணவன், தான் பிறக்குமுன் மறைந்த அப்பப்பாவின் குரலை அன்றுதான் கேட்டான். இன்னொரு முறை போடச் சொன்னான். நாடாவைத் தொடாமல் பிரதியைப் போட்டுக் காட்டினோம்.

இத்தகைய நாடாக்களை வைத்திருப்போர் சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்தபின் எம்மிடம் கொண்டுவரலாம். பற்றறி பழுதாயினும் பரவாயில்லை. மின்னேற்றியையும் தகடுள்ள கம்பியையும் மட்டும் மறவாது கொண்டு வாருங்கள்.