பிக்கப் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்?

(மணலிலும் உப்பிலும் ஓடுகிற வண்டிக்கு ஒரு சின்னக் கணக்கு)



டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம்மில் பலர் ஏதாவது ஒரு ஒர்க்ஷாப்பில்தான் நிற்கப் போகிறோம். நம் கடற்கரை ஒர்க்ஷாப் என்றால் அடிக்கடி வந்து நிற்பது மீன் ஏற்றுகிற பிக்கப் வண்டி. பின்பக்கம் தொங்கிப்போன வண்டியைக் காட்டி டிரைவர் அண்ணன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, சைடுக்கு ரெண்டு பட்டை சேத்துப் போட்டு விடுப்பா. மணல்ல இறங்கணும், லோடும் தாங்கணும்!"

போடலாமா, கூடாதா? பதில் சொல்ல நாம் படித்த 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடமே போதும்.

வண்டி எங்கே ஓடுகிறது?

1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஜீப்பும் வேனும் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும்தான் அங்கே போய் வந்தன. 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தாகிவிட்டது. ஆனாலும் கரைவலை மீனை எடுக்க வேண்டுமானால் வண்டி தாரை விட்டு மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதே வண்டி பிறகு ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு, பாம்பன் பாலம் தாண்டி, மதுரை வரை வேகமாக ஓட வேண்டும். ஆக, ஒரே ஸ்பிரிங் வெறும் வண்டி, மணல், முழு லோடு ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் இங்கேதான்!

கணக்கு போட்டுப் பார்ப்போம்

பட்டை ஸ்பிரிங்கின் விறைப்புக்குச் சூத்திரம்:

விறைப்பு = 8 × யங் குணகம் × பட்டைகளின் எண்ணிக்கை × அகலம் × தடிமன்³ ÷ (3 × நீளம்³)

உதாரணத்துக்கு நீளம் 1200 மி.மீ., அகலம் 60 மி.மீ., தடிமன் 8 மி.மீ., பட்டைகள் 6, யங் குணகம் 2 லட்சம் நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விறைப்பு மி.மீ.க்கு சுமார் 57 நியூட்டன் வரும்.

வெறும் வண்டியில் ஒரு பின் ஸ்பிரிங் மேல் 2500 நியூட்டன் என்போம். 1 டன் லோடு பெரும்பாலும் பின் ஆக்ஸில் மேல் வருவதால், பக்கத்துக்கு இன்னும் 5000 நியூட்டன் கூடி 7500 ஆகும். ஸ்பிரிங் வெறும் வண்டியில் 44 மி.மீ. தாழும், லோடில் 132 மி.மீ. தாழும்.

ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று அறிய ஒரு சுலப வழி: 5ஐ, செ.மீ.யில் உள்ள தாழ்வின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வெறும் வண்டிக்கு 2.4, லோடு வண்டிக்கு 1.4 கிடைக்கிறது.

இப்போது டிரைவர் கேட்டபடி 2 பட்டை கூட்டுவோம். விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறி 76 ஆகிறது. லோடில் தாழ்வு 99 மி.மீ.தான், வண்டி 33 மி.மீ. நிமிர்ந்துவிட்டது. அண்ணனுக்கு சந்தோஷம்! ஆனால் வெறும் வண்டியில் ஆட்டம் 2.8 ஆகிறது. மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. பழைய ஷாக் அப்சார்பரும் இந்த விறைப்புக்குப் பத்தாது.

தடிமன் என்னும் பொறி

சில இடங்களில் வேறு வண்டியின் கனமான பட்டை ஒன்றை நடுவில் சொருகிவிடுவார்கள். சூத்திரத்தில் தடிமனுக்கு மும்மடி இருப்பதைக் கவனியுங்கள். 6 பட்டைகளையும் 8லிருந்து 9 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 42 சதவீதம் ஏறும்.

ஒரே ஒரு பட்டையை மட்டும் தடிமனாகப் போட்டால்? கட்டுக்குள் எல்லாப் பட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளைகிறது. அதே வளைவில் தகைவு தடிமனுக்கு நேர்விகிதம். 9 மி.மீ. பட்டைக்குப் பக்கத்துப் பட்டையை விட 12.5 சதவீதம் கூடுதல் தகைவு வரும். "கனமான பட்டை, அதான் பலம்" என்று போட்டதே முதலில் உடையும்!

அப்படியானால் எதைத்தான் போடுவது? தினமும் வெறுமையாகப் போய் நிறைந்து திரும்புகிற வண்டிக்கு ஹெல்பர் ஸ்பிரிங் நல்லது. வெறும் வண்டியில் அது வேலை செய்யாது. லோடில் ஸ்பிரிங் குறிப்பிட்ட அளவு தாழ்ந்த பிறகுதான் தாங்கும். எப்போதுமே லோடு இருக்கும் என்றால் பட்டை கூட்டலாம், ஆனால் அதே அகலம், அதே தடிமன், அதே எஃகு. பட்டைகள் வளைவிழந்து தட்டையாகியிருந்தால், இரண்டு பக்கமும் புதுக் கட்டு மாற்றுவதே சரி.

மணலுக்கு மருந்து ஸ்பிரிங் அல்ல

மணலில் சக்கரம் புதைவதற்கு முக்கியக் காரணம் டயர் தரையை அழுத்தும் அழுத்தம். அது பெரும்பாலும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. காற்றைக் குறைத்தால் டயர் பரவி, புதைவது குறையும். விறைப்பான ஸ்பிரிங் இதில் ஒரு உதவியும் செய்யாது. தார் ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு லோடில் வேகம் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

உப்பு என்னும் எதிரி

1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு கனத்த இரும்பை உப்புக்காற்றிலிருந்து காக்க ஓயாமல் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. நம் பட்டையோ 8 மி.மீ.தான்! மேலே மீன் பெட்டியிலிருந்து உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது, கீழே ஈர மணல். துரு குழி விழுந்த இடத்தில்தான் சோர்வு விரிசல் பிறக்கும். பழைய பட்டையை மலிவாக வாங்கினால் நம் கணக்கெல்லாம் வீண்.

கவனிக்க வேண்டியவை

1. மணலில் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்.
2. உடைந்த பட்டைக்கு வெல்டிங் கூடவே கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.
3. புது ஸ்பிரிங் போட்டு சில நாள் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் துளையில் பட்டை முறியும்.
4. லோடு சென்சிங் பிரேக் வால்வு உள்ள வண்டியில் அதைப் புது உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி காலி என்று நினைத்து, முழு லோடிலும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்!
5. முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் நிமிரும். ஆனால் ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவையே. ஆர்.சி.யில் எழுதிய எடையும் கூடாது. அதற்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. மயில் இறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். ஐஸும் மீனும் மயிலிறகை விடக் கனம்!

ஆகவே நண்பர்களே, நாளை ஒரு டிரைவர் வந்து "ரெண்டு பட்டை போடு தம்பி" என்றால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். "அண்ணே, எவ்வளவு லோடு ஏத்துறீங்க? காலியா எவ்வளவு தூரம் ஓடுது? மணல்ல எவ்வளவு தூரம்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பிறகு அளவு நாடாவை எடுங்கள். அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. நாம் போடுகிற பட்டை அதைக் காப்பாற்றட்டும்!

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்